கொட்டகையில் எடுத்த இதயங்கள்

அண்ணன் பிராய்லர் கொட்டகை போட்ட சமயத்தில்தான் எனக்குச் சென்னையில் கோழி மரபணு ஆய்வகத்தில் வேலை கிடைத்தது. இரண்டுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. செஞ்சியிலிருந்து வல்லம் போகிற சாலையை ஒட்டி எங்களுக்குக் கொஞ்சம் நிலம் இருந்தது. மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலைதான் அதில் எப்போதும் போடுவோம். கிணறு வற்றியபிறகு மல்லாட்டையும் கைவிட்டது. ஒரு கம்பெனிக்காரர்கள் வந்து பேசினார்கள். குஞ்சும் தீனியும் அவர்கள் தருவார்கள், வளர்த்துக்கொடுத்தால் அவர்களே லாரியில் வந்து ஏற்றிக்கொண்டு போவார்கள். அண்ணன் சரி என்று சொல்லிவிட்டான். நிலத்தின் மேட்டுப்பக்கத்தில் நீளமாக ஒரு கொட்டகை எழுந்தது. தரையில் உமியும் மல்லாட்டைத் தோலும் பரப்பி, பக்கவாட்டில் கம்பிவலை அடித்து, குஞ்சுகளுக்குச் சூட்டுக்காகக் குண்டு பல்புகளைத் தாழ்வாகத் தொங்கவிட்டிருந்தான்.

நான் ஆய்வகத்துக்குப் போகிற ரயிலில் இருக்கும்போது தினமும் போன் செய்வான். காலையில் கொட்டகைக்குள் நுழைந்ததும் அவனுக்கு முதல் வேலை செத்ததைப் பொறுக்குவது. அதை முடித்த கையோடு எனக்குப் போன் வரும்.

"பாப்பா, நேத்து வரைக்கும் நல்லா தின்னுகினு இருந்துச்சி. காலைல பாத்தா மல்லாந்துகினு கெடக்குது. இருக்கறதுலயே கொழுத்தது அதான். அட்டாக்குன்னு சொல்றாரு கம்பெனி சூப்பர்வைசரு. கோழிக்குக் கூடவா அட்டாக் வரும்?"

"வரும்ணா. அதோட உடம்பு வளர்ற வேகத்துக்கு இதயம் ஈடு குடுக்க முடியல."

"சரிதான் போ," என்பான்.

நான் இதை ஒருநாள் எங்கள் பேராசிரியையிடம் சொன்னேன். அவர் ஏற்கெனவே அந்த நோயைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தார். ஒரே வயதுள்ள பிராய்லரையும் நாட்டுக்கோழியையும் எடுத்து, இரண்டின் இதயத்திலும் எந்தெந்த மரபணுக்கள் வேலை செய்துகொண்டிருக்கின்றன என்று ஒப்பிட்டுப் பார்ப்பது திட்டம். அனுமதிகள் எல்லாம் வாங்கி, கம்பெனியும் ஒப்புக்கொண்டு, கடைசியில் மாதிரி எடுக்க முடிவான இடங்களில் ஒன்றாக அண்ணன் கொட்டகையும் அமைந்தது.

முதல்முறை போனது ஒரு கார்த்திகை மாதத்துக் காலை. பாறை உருண்டைகளாய் அடுக்கிய குன்றுகளின்மேல் பனி இன்னும் விலகாமல் நின்றது. கூட வந்த கால்நடை மருத்துவர், கோழிக்கு வலி தெரியாதபடி மயங்கவைத்தார். அண்ணன்தான் ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டு வந்து கொடுத்தான். அவன் கைக்குள் வந்ததும் அவை அடங்கிவிடும். மார்பைப் பிளந்து இதயத்தை எடுத்து, சின்னத் துண்டுகளாக நறுக்கி, குழாய்களில் போட்டுத் திரவ நைட்ரஜனில் இறக்குவது என் வேலை. கேனைத் திறக்கும்போதெல்லாம் வெண்புகை வழிந்து தரையில் பரவியது. அண்ணி அடுப்பு வேலையை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்து பார்த்தாள். சாமி ஊர்வலத்துக்குச் சாம்பிராணி போடுகிறமாதிரி இருக்கிறது என்றாள்.

"இன்னாத்துக்கு இவ்ளோ அவசரம்?" என்று கேட்டான் அண்ணன். நான் ஓட்டமும் நடையுமாக இருந்ததைப் பார்த்துவிட்டு.

அவனுக்குப் புரிகிறமாதிரி சொன்னேன். உடம்பில் இருக்கிற ஒவ்வோர் உயிரணுவிலும் எல்லா மரபணுக்களும் இருக்கும். கண்ணில் இருப்பதும் காலில் இருப்பதும் ஒன்றுதான். வீட்டில் எல்லா அறையிலும் ஒயரிங் இருக்கிறமாதிரி. எந்த அறையில் எந்த விளக்கு எரிகிறது என்பதுதான் வித்தியாசம். எரிகிற மரபணு ஒவ்வொன்றும் தன்னை ஒரு நகல் எடுத்து அனுப்பிக்கொண்டே இருக்கும். நாங்கள் அந்த நகல்களைப் பிடித்து எண்ணுகிறோம். உயிர் போனபிறகு அவை சீக்கிரத்தில் சிதைந்துபோகும்.

"அப்போ நான் காலைல பொறுக்கிப் போடறது ஒனக்கு ஒதவாது."

"ஒதவாதுண்ணா. அது செத்து ரொம்ப நேரம் ஆயிருக்கும்."

நான் ஒரு பிராய்லர் இதயத்தை உள்ளங்கையில் வைத்து அவனுக்குக் காட்டினேன். வலதுபக்கம் ஊதி, தொளதொளவென்று இருந்தது. விரலால் அழுத்தினால் அழுந்தி அப்படியே நின்றது. அவன் குனிந்து வெகுநேரம் பார்த்தான். நிமிர்ந்து, சாதாரணமாக, மூட்டையைக் கட்டுகிற சணல் கயிற்றைத் தேடிக்கொண்டே சொன்னான்.

"நைனாவும் இப்டித்தான மல்லாந்து கெடந்தாரு."

அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். அவர் செத்தபோது நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். மல்லாட்டை பிடுங்குகிற சமயம். கொத்தாகப் பிடுங்கிய செடிகளை வரப்பில் போட்டுவிட்டுத் தண்ணீர் குடிக்கத் திரும்பியவர் அப்படியே சாய்ந்திருக்கிறார். நாற்பதைத் தாண்டி ஒன்றிரண்டு வயதுதான் இருக்கும். வெயில் தாங்கவில்லை என்று ஊரில் சொன்னார்கள். அதையே நாங்களும் சொல்லிக்கொண்டோம். யாராவது கேட்டால் இன்றைக்கும் அம்மா, "வெயில்ல போய்ட்டாரு" என்றுதான் சொல்வாள். முதலில் ஓடிப்போய்ப் பார்த்தது அண்ணன். அவன் அப்போது கல்லூரியில் சேர்ந்திருந்தான். தான் பார்த்ததை அதுவரைக்கும் அவன் என்னிடம் சொன்னதில்லை.

அன்றைக்கு மிச்சமிருந்த கோழிகளை நான் எப்படி முடித்தேன் என்று நினைவில்லை. சென்னைக்குத் திரும்பியதும் வேலை என்னை இழுத்துக்கொண்டது.

அடுத்த பேட்ச்சில் மாதிரி எடுக்கப் போனபோதுதான் அண்ணனைக் கவனித்தேன். தீனி மூட்டையை முதுகில் ஏற்றிக்கொண்டு கொட்டகையின் பாதிவரை வந்தவன், அதை இறக்கிவைத்து அதன்மேலேயே உட்கார்ந்துவிட்டான். வாயால் மூச்சு வாங்கினான்.

"இன்னாண்ணா?"

"ஒண்ணுமில்ல. புழுக்கமா இருக்குது."

மார்கழி அது. புழுக்கத்துக்கு வழியே இல்லை. நான் அவன் பக்கத்தில் குந்தி, அவன் கணுக்காலில் கட்டைவிரலை வைத்து அழுத்தினேன். விரலை எடுத்தபிறகும் குழி நின்றது.

அவன் என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தான். "இன்னா பாப்பா, நானும் பிராய்லர் ஆயிட்டனா?"

அன்றைக்கு மாதிரி எடுக்கிற வேலையை மருத்துவரிடம் விட்டுவிட்டு அவனைப் பஸ்ஸில் ஏற்றிச் செஞ்சிக்கு அழைத்துப் போனேன். ஈ.சி.ஜி. எடுத்தவர் பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்கு எழுதிக்கொடுத்தார். மறுநாளே அங்கே போனோம். எக்கோ எடுக்கிற அறையில் என்னையும் உள்ளே விட்டார்கள். அண்ணன் சட்டையைக் கழற்றி இடதுபக்கம் திரும்பிப் படுத்திருந்தான். திரையில் அவன் இதயம் தெரிந்தது. அதுவரை நான் திரையில் பார்த்தவை எல்லாம் எண்களும் நிறப்புள்ளிகளும். இது அசைந்தது. அசைந்தது என்றுதான் சொல்லமுடியும். இறுகி, பிழிந்து, விடவேண்டிய ஒன்று, தண்ணீர் நிரம்பிய பையைப்போலத் தளும்பிக்கொண்டிருந்தது.

டாக்டரம்மா வயதில் சின்னவர். பொறுமையாகப் பேசினார். இதயம் பெரிதாகி வலுவிழந்திருக்கிறது என்றார். குடிப்பீர்களா என்று கேட்டார். இல்லை. சர்க்கரை? இல்லை.

"அப்பா இருக்காரா?"

"இல்லீங்க," என்றான் அண்ணன்.

"எப்படித் தவறினார்?"

அண்ணன் என்னைப் பார்த்தான். நான்தான் பதில் சொன்னேன். என் வாயால் வெயில் என்று சொல்ல வரவில்லை. "திடீர்னு, டாக்டர்," என்றேன்.

எங்கள் இரண்டு பேருக்கும் ரத்தம் எடுத்து மரபணுப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வர நாளாகும் என்றார்கள். மாத்திரைகள் தந்தார்கள். கனம் தூக்கக்கூடாது, உப்பைக் குறைக்கவேண்டும் என்றார்கள். திரும்பிவருகிற பஸ்ஸில் அண்ணன் ஜன்னலோரம் உட்கார்ந்து, மயிலம் முருகன் மலை தெரிந்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டான். அப்புறம் கேட்டான்.

"நீ இத்தினி நாளா கோழி நெஞ்ச அறுத்து பாத்துகினு இருக்கியே. அதுல எனக்கு ஆவறமாதிரி எதுனா இருக்குதா?"

"இல்லண்ணா."

"ஒண்ணுமே இல்லியா?"

"இன்னும் இல்ல. எந்த மரபணு கூடுது, எது கொறையுதுன்னு மட்டும்தான் தெரியுது. ஏன் அப்பிடி ஆவுதுன்னே தெரியல."

"சரி, கோழிக்காவது எதுனா ஆவுமா?"

"கோழிக்கும் இப்போதைக்கு ஒண்ணும் இல்லண்ணா."

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் வந்தது. முன்சீட்டுக்காரர் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தோம். திண்டிவனத்தில் பஸ் நின்றபோது அவன் இறங்கிப்போய் எனக்குக் கொய்யாப்பழம் வாங்கிவந்தான். ஏறுகிற இரண்டு படியில் மூச்சு வாங்கியதை நான் பார்க்காதமாதிரி பழத்தைக் கடித்தேன்.

முடிவு வந்தபோது அதில் ஒரு புரதத்தின் பெயர் இருந்தது. இதயத் தசையின் நாரைச் சுருள்கம்பிபோல இழுத்துப் பிடித்திருக்கிற புரதம் அது. அதை உண்டாக்குகிற மரபணு அண்ணனிடம் பாதியில் அறுந்திருந்தது. எங்கள் ஆய்வகத்துத் திரையில் நான் தினமும் பார்க்கிற பெயர்தான். பிராய்லர் இதயங்களில் அது எவ்வளவு, நாட்டுக்கோழியில் எவ்வளவு என்று படம் வரைந்து பேராசிரியையிடம் காட்டியிருக்கிறேன். அந்தப் பெயரை நான் வெறும் பெயராகத்தான் வைத்திருந்தேன். இப்போது அது நைனாவிடம் இருந்து வந்து அண்ணனுக்குள் உட்கார்ந்திருந்தது. நைனாவிடமிருந்து வந்ததாகத்தான் இருக்கவேண்டும். அவரைச் சோதிக்க இனி வழியில்லை.

என்னிடம் அந்தப் பழுது இல்லை.

போனில் சொன்னேன். அண்ணன் கோழிச் சத்தத்திலிருந்து தள்ளி வெளியே வந்து கேட்டான்.

"ஒனக்கு இல்லன்னு நல்லா பாத்தாங்களா?"

"பாத்தாங்கண்ணா."

"போதும்," என்றான். "நைனா ஒனக்காவது நல்லத குடுத்துட்டுப் போனாரே."

அன்றைக்குச் சாயங்காலம் அம்மா போன் செய்து, அண்ணன் செஞ்சி பஜாருக்குப் போய் இனிப்பு வாங்கிவந்து எல்லோருக்கும் கொடுக்கிறான், எதற்கென்று கேட்டால் சொல்லமாட்டேன் என்கிறான் என்றாள். நான் கழிவறைக்குள் போய் நின்றுகொண்டு அழுதேன்.

அதற்குப்பிறகு மூட்டை தூக்குவதை அண்ணி எடுத்துக்கொண்டாள். அண்ணன் கொட்டகை வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, தண்ணீர்க் குழாயைத் திறந்துவிடுவது, பல்பை மாற்றுவது என்று சின்ன வேலைகளைச் செய்தான். மாத்திரை கொஞ்சம் கைகொடுத்தது. கால் வீக்கம் வடிந்தது. அனந்தபுரத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய், பந்தியில் நின்று பரிமாறினானாம். நல்லாத்தான் இருக்கான் என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் அந்தப் பேச்சில் சேர்ந்துகொண்டேன். இப்படிப்பட்ட இதயத்தோடு வருடக்கணக்கில் இருப்பவர்களைப் பற்றி நான் படித்திருந்தேன். இரவெல்லாம் தேடித் தேடி அவர்களைப் பற்றி மட்டும்தான் படித்தேன்.

அவன் இறந்த அன்று நான் ஆய்வகத்தில் இருந்தேன். மதியச் சாப்பாட்டுக்கு முன். பனிக்கட்டிப் பெட்டியில் குழாய்கள் வரிசையாக இருந்தன. எல்லாம் கோழி இதயங்கள். அண்ணி போன் செய்தாள். அவள் குரலில் அழுகை இல்லை. "பாப்பா, ஒங்கண்ணன் எழுந்திரிக்க மாட்டன்றாரு," என்றாள். நாற்காலியில் உட்கார்ந்தபடியே தலை சாய்ந்திருக்கிறது. தூங்குகிறான் என்று நினைத்து அவள் குழாயை மூடிவிட்டு, பாத்திரங்களைக் கழுவிவைத்துவிட்டு வந்து எழுப்பியிருக்கிறாள்.

கையுறையைக் கழற்றாமலே நான் நின்றிருந்தேன் போல. பக்கத்து மேசைப் பெண் வந்து கழற்றிவிட்டாள். குழாய்களை உறைபெட்டியில் வைத்துவிடுகிறேன், நீங்கள் போங்கள் என்றாள்.

செஞ்சி பஸ் ஸ்டாண்டில் சித்தப்பா மோட்டார் சைக்கிளோடு காத்திருந்தார். வீட்டு முன்னால் பந்தல் போட்டிருந்தார்கள். அண்ணனை ஐஸ் பெட்டியில் வைத்திருந்தார்கள். கண்ணாடிக்குள் அவன் முகத்தில் வீக்கம் ஒன்றும் இல்லை, கல்லூரிக்குப் போன காலத்து முகம்போல இருந்தது. அம்மா பெட்டியின்மேல் கையை வைத்துக்கொண்டு, "வெயில்ல உக்காராதடான்னு சொன்னனே," என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அம்மா சொன்னதை யாரும் திருத்தவில்லை. நானும் திருத்தவில்லை.

மறுநாள் காலை, எடுப்பதற்குள், கம்பெனி லாரி வந்துவிட்டது. கோழிகள் எடை கட்டிவிட்டிருந்தன. ஏற்றுகிற தேதி முன்கூட்டியே சொன்னதுதான், யாருக்கும் நினைவில்லை. லாரி பந்தலைத் தாண்டி உள்ளே போகமுடியாமல் சாலையிலேயே நின்றது. சூப்பர்வைசர் இறங்கி வந்தார். மேளத்தைக் கேட்டுவிட்டு, செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, யாரிடம் பேசுவதென்று தெரியாமல் வேலியோரம் நின்றார்.

"நாங்க வேணா ரெண்டு நாள் கழிச்சி வர்றோம்," என்றார் என்னிடம். "ஆனா இந்த வெயிட்டுல... தாங்காதும்மா. ஒண்ணொண்ணா வுழ ஆரம்பிச்சிடும்."

அண்ணி உள்ளிருந்து எழுந்து வந்தாள். கண் வீங்கியிருந்தது. பந்தல்காலைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏத்திகினு போங்க," என்றாள். "நேத்துலருந்து யாரும் தீனி போடல. பாவம், பட்டினியா கெடக்குது."

பந்தலின் ஒரு பக்கத்துக் கழிகளைக் கழற்றி லாரிக்கு வழிவிட்டார்கள். ஆட்கள் கூண்டுகளை இறக்கி, கோழிகளை நாலைந்தாகக் காலைப் பிடித்துத் தூக்கி அடைத்தார்கள். கத்துகிற சத்தமும் மேளமும் ஒப்பாரியும் ஒன்றாகக் கலந்து எழுந்தன. வெள்ளை இறகுகள் காற்றில் வந்து பந்தலுக்குள் விழுந்தன. ஒன்று ஐஸ் பெட்டிமேல் ஒட்டிக்கொண்டது. அண்ணன் மகள் அதை எடுத்துப்போட்டாள். அவள் அப்போது கல்லூரியில் முதல் வருடம். அழாமல் எல்லோருக்கும் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தாள். லாரி போனபிறகு கொட்டகை காலியாகக் கிடந்ததைப் பார்த்ததும்தான் அவள் உடைந்தாள். "அத்தை, அப்பா சேர் அங்கயே இருக்குது அத்தை," என்று சொல்லி என் தோளில் முகத்தைப் புதைத்தாள்.

காரியம் முடிந்து சில வாரங்கள் கழித்து நான் அண்ணியிடம் பேசினேன். மகளுக்கும் பரிசோதனை செய்யவேண்டும் என்றேன். அவளுக்கும் அது இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். அண்ணி முறத்தில் அரிசி பார்த்துக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை.

"தெரிஞ்சி இன்னா பண்ணப் போறோம் பாப்பா? அவருக்குத் தெரிஞ்சிதான் இருந்துச்சி. நிறுத்த முடிஞ்சுதா?"

"சீக்கிரமே தெரிஞ்சா மாத்திரை, செக்கப்னு ஜாக்கிரதையா இருக்கலாம் அண்ணி."

"நாளைக்கு ஒரு எடத்துல பேசறச்ச, பொண்ணுக்கு நெஞ்சுல கோளாறுன்னு எவனாவது சொல்லுவான். யார் கட்டுவாங்க? வேணாம். அவ நல்லா இருக்கறா. கபடி ஆடறா. வுடு."

அண்ணி சொன்னதில் தப்பு என்று எதைச் சொல்வது. நான் விட்டுவிட்டேன். ஆனால் அடுப்படிக்கும் கூடத்துக்கும் நடுவில் எந்தப் பேச்சும் மறையாது. ஒரு மாதத்தில் அண்ணன் மகள் தனியாகச் சென்னையில் என் வீட்டு வாசலில் வந்து நின்றாள், தோளில் கல்லூரிப் பையோடு.

"ரத்தம் குடுக்கணும் அத்தை. அம்மாகிட்ட சொல்லிட்டுத்தான் வந்தேன். திட்டிச்சி. அப்புறம் பஸ்ஸுக்கு வந்து ஏத்திவுட்டுச்சி."

அவளுக்கு இருந்தது.

அந்தச் செய்தியை அவளிடம் சொல்வதற்கு என் ஆய்வு எனக்கு ஒரு சொல்லையும் தரவில்லை. டாக்டர் சொல்லட்டும் என்று பாண்டிச்சேரிக்கு அழைத்துப்போனேன். அதே டாக்டர்தான். இதயம் இப்போதைக்கு நன்றாக இருக்கிறது, வருடம் தவறாமல் பார்க்கவேண்டும் என்றார். படிக்கலாம், வேலைக்குப் போகலாம், கல்யாணம் செய்துகொள்ளலாம், முன்கூட்டி எங்களிடம் பேசிக்கொண்டால் போதும் என்றார். போட்டியில் ஆடுவது மட்டும் வேண்டாம்.

"பிராக்டிஸ் மட்டும் போலாமா மேடம்?" என்று கேட்டாள்.

"மெதுவா நடங்க. சைக்கிள் ஓட்டுங்க. கபடி வேண்டாம்மா."

அவள் தலையை ஆட்டினாள். கல்லூரி அணியில் அவள்தான் ரைடு போகிறவள். எதிரணிக்குள் மூச்சடக்கிப் பாடிக்கொண்டே போய்த் தொட்டுவிட்டு வருகிறவள்.

எங்கள் ஆய்வு முடிந்து கட்டுரையாக வெளிவந்துவிட்டது. வேகமாக வளர்கிற கோழியின் இதயத்தில் எவையெவை முதலில் தடுமாறுகின்றன என்று அதில் சொல்லியிருக்கிறோம். இனி வளர்ப்பு இனங்களைத் தேர்வு செய்கிறவர்களுக்கு அது உதவலாம். பேராசிரியை என்னைப் பாராட்டினார். நான் நன்றி சொன்னேன். அண்ணி அதற்குப்பிறகு கோழி வளர்க்கவில்லை. கொட்டகையை ஒரு செங்கல் வியாபாரிக்கு வாடகைக்கு விட்டிருக்கிறாள்.

இந்த வருடப் பரிசோதனைக்கும் நாங்கள் இருவரும்தான் போனோம். என்னை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு அவள் மட்டும் உள்ளே போனாள். கதவு சரியாகச் சாத்தாமல் இருந்ததால், கருவியிலிருந்து அவள் இதயச் சத்தம் எனக்குக் கேட்டது. வேகமாக, ஒரே சீராக அடித்தது. கேட்டுக்கொண்டே நான் நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பிடித்திருந்தேன். அண்ணனுக்குக் கிடைக்காத நல்லது எனக்கும், எனக்கு வராத பழுது அவளுக்கும் எப்படி வந்தது என்று யோசித்தால் காரணம் ஒன்றும் கிடைக்காது. பாதிக்குப் பாதி வாய்ப்பு என்று ஆய்வகத்துக்கு வரும் மாணவர்களுக்கு நானே சொல்லிக்கொடுக்கிறேன்.

வெளியே வந்தவள் நெஞ்சில் ஒட்டியிருந்த பசையைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டே, "போன வருஷம் மாதிரியேதான் இருக்குதாம் அத்தை," என்றாள். பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தோம். அவள் காலில் ரப்பர் செருப்பு இருந்தது.

"கபடி ஷூ எங்க?"

"ஜூனியர் பொண்ணு ஒருத்திக்குக் குடுத்துட்டேன். அவளுக்குச் சரியா இருந்துச்சி. நேத்து ஆனந்தமா அதப் போட்டுகினு ரைடு போனா. நான் கோட்டுக்கு வெளிய உக்காந்து பாத்துகினு இருந்தேன்."

செஞ்சி பஸ் கிளம்பத் தயாராக நின்றது. இடம் பிடிக்க அவள் ஓடப்பார்த்தாள், அப்புறம் நின்று, என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.